நாசரேத்தின் தந்தை

பெருஞ்சிறப்பு வந்துற்றபோது தருக்காமையும், பெருந்துன்பம் வந்துற்றபோது தளராமையும் சான்றோர்தம் இயல்புகளாம். இவ்விரண்டும் வெவ்வேறு பண்புகள்போலத் தோன்றும். ஆயினும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய பெரியார் ஒருவர் நம் தென்பாண்டி நாட்டில் வாழ்ந்தார். ஆங்கில நாட்டிற் பிறந்து, நாசரேத்து என்னும் சிற்றூரில் 32 ஆண்டுகள் தொண்டாற்றி, அங்கேயே மறைந்த ஆர்தர் மர்காஷிஸ் என்பாரே அவர்.

நாசரேத்து, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ளது. பண்டு முத்துக்குளித்தலாற் புகழ்பெற்ற கடற்கரை கிழக்கே கிடக்கின்றது. ஆனால், ஊரைச் சூழ்ந்த நிலமோ செம்மணல் தேரியும் பனங்காடுமாம். பனையேறிப் பதநீர் இறக்குதலும் கருப்பட்டி காய்ச்சுதலும் அந்நாளில் மக்களுக்கு வாழ்வளித்த தொழில்கள். கிறித்தவ சமயத்தைத் தழுவிய மக்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குப் பெருகினர். இயேசுபெருமான் வளர்ந்த ஊரின் பெயரே இவ்வூருக்கும் பெயராயிற்று.

மர்காஷிஸ் 1852ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள லெமிங்டன் நகரிற் பிறந்தார். சமயக் கல்வியோடு மருத்துவப் பயிற்சியும் பெற்றார். 1876ஆம் ஆண்டில், இருபத்து நான்கு வயதளவில், நாசரேத்துக்கு வந்து சேர்ந்தார். பிறநாட்டுத் துறவியரையும் குருமாரையும் ஐயர் என வழங்கிய அக்காலத்து மக்கள், இவ்விளைஞரையும் மர்காஷிஸ் ஐயர் என்றே அழைத்தனர். வந்தவர் உடல்நலம் மிக்கவரல்லர். ஆஸ்துமா என இந்நாளில் வழங்கும் ஈளை நோய் அவரைப் பற்றியிருந்தது.

அவர் வந்த காலமோ மிகக் கொடிய காலம். 1876ஆம் ஆண்டிற் பருவமழை பொய்த்தது. 1878 வரையிற் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பசியோடு கொள்ளை நோயும் சேர்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பெற்றோரை இழந்த சிறுவர் சிறுமியர் உண்ண உணவும் ஒதுங்க நிழலும் இன்றி அலைந்தனர். அத்தகைய பிள்ளைகளுக்கு நாசரேத்தில் இல்லம் அமைத்து, உணவும் உடையும் அளித்துக் காத்தார் மர்காஷிஸ்.

பசித்தவர்க்குச் சோறிடுதல் பேரறமே. எனினும், இன்று உண்டவர்க்கு நாளையும் பசிக்கும். பிறர் கையையே நோக்கி வளரும் பிள்ளை, பெரியவனான பின்னரும் தலைநிமிர்ந்து நிற்றல் அரிது. இதனை நன்குணர்ந்த அவர், 1878ஆம் ஆண்டிலேயே தொழிற்பள்ளி ஒன்றை நிறுவினார். தச்சு, கொல்லு, நெசவு, தையல் முதலிய தொழில்கள் அங்குக் கற்பிக்கப்பெற்றன. இயேசுபெருமான் தச்சுத்தொழில் செய்தவர் என்று கிறித்தவ மறை கூறும். அப்பெருமான் வளர்ந்த ஊரின் பெயர் பூண்ட இவ்வூரிலும் உளியும் இழைப்புளியும் ஒலிக்கலாயின. இரந்து நின்ற கைகள் உழைத்துண்ணும் கைகளாக மாறின.

கல்வித் துறையிலும் அவர் தொண்டு பெரிது. ஆண்பிள்ளைகளின் பள்ளி அவர் காலத்தில் உயர்ந்தது. பெண்டிர்க்குக் கல்வி எதற்கு எனப் பலரும் வினவிய காலத்தில், பெண்பிள்ளைகளும் உயர்நிலைக் கல்வி பெறுதற்கு வழிசெய்தார். அவரவர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார். 1870ஆம் ஆண்டில் ஸ்டிராக்கன் என்னும் மருத்துவர் தொடங்கிய மருத்துவப் பணியைத் தாம் ஏற்று வளர்த்தார். அதுவே தூய லூக்கா மருத்துவமனை எனப் பெயர் பெற்று விளங்குவது.

பிறர் நோய் தீர்க்க முயன்ற அவரை அவருடைய நோய் விட்டதில்லை. ஈளை மிகுந்தபோது ஒவ்வொரு மூச்சும் ஒரு போராட்டமாகும், படுத்துறங்கவும் இயலாது. துன்புறுவார் இரு திறத்தர். ஒரு சாரார் தம் நோவினையே எண்ணி எண்ணி உள்ளம் சுருங்குவர். மற்றொரு சாரார் தம் நோவின் வழியாகப் பிறர் நோவினை அறிந்து உள்ளம் விரிவர். மர்காஷிஸ் பின்னவரைச் சார்ந்தவர். சிலுவையில் துன்புற்ற பெருமான் மீண்டும் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவர் கொள்ளும் நம்பிக்கை. நோய் நீங்காவிடினும் செய்த நற்பணி வீண்போகாது என்னும் உறுதியை அந்நம்பிக்கை அவருக்கு அளித்தது.

தொண்டு செய்வார்க்கு மறைவானதோர் இடர் உண்டு. தம் முயற்சி வெற்றி பெறப்பெற, தம்மாலன்றி எதுவும் நடவாது என்னும் செருக்கு மெல்ல உள்ளத்திற் புகும். தம்மையே சுற்றிக் கட்டிய அறம், தம்மோடு முடிந்துவிடும். அடுத்த மூச்சு வருமோ வாராதோ என்னும் நிலையில் வாழ்ந்தவர்க்கு அச்செருக்குக்கு இடமேது? முன்னவர் இட்ட கடைக்காலின்மேல் தாம் கட்டினார். தமக்குப் பின்வருவார் தொடர்தற்கேற்பக் கட்டினார். பெரும்பதவி நாடி வேற்றூர் சென்றாருமல்லர். தாம் இல்லாத நாளிலும் நிலைக்கும் அறத்தைச் செய்வதே உண்மையான பணிவு. அஃது நிலைக்கும் எனத் துணிவதே உண்மையான நம்பிக்கை. இவ்விரண்டிற்கும் வேர் ஒன்றே என்றது இதனாலேயாம்.

1908ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 27ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், மர்காஷிஸ் நாசரேத்தில் மறைந்தார். அவ்வூர் மக்கள் இன்றும் அவரை நாசரேத்தின் தந்தை எனப் போற்றுகின்றனர். அவர் வளர்த்த பள்ளிகளிற் பிள்ளைகள் பயில்கின்றனர். அருகிலுள்ள பிள்ளையன்மனையில் 1966ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவர்களே, தேர்வில் முதன்மை பெறும் நாளும் உங்களுக்கு வரும். நோயும் தோல்வியும் வந்து வருத்தும் நாளும் வரும். முதல் நாளில், உங்களைத் தாங்கிய கைகளை எண்ணுங்கள். இரண்டாம் நாளில், நீங்கள் தாங்கவேண்டிய கைகளை எண்ணுங்கள். செம்மணற் காட்டில் மூச்சுத் திணறியபடியே பிறரை வாழ்வித்த அப்பெரியாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.