புத்தகத்தைச் சந்தேகித்த மாணவர் எட்வின் ஹால்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தார் கேட்டதும் நம் பிசிக்ஸ் லேப்தான் ஞாபகம் வந்தது. ஹால் விளைவு என்று அரைப் பக்கம் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், அதோடு மறந்தும் போனோம். ஹால் என்றால் ஏதோ பெரிய கூடம் என்றுதான் அப்போது நான் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். அவரைப் பற்றித் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் வாய்த்தது.

கூத்தாநல்லூரில் நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன், குறுவைச் சமயம், சோலார் பம்பில் தண்ணீர் குறைவாக வருகிறது என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டிப் பார்த்தேன். 6 ஆம்பியர்தான் காட்டியது. பேனல் போய்விட்டது, மாற்றணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி கடையில் மீட்டரை ஆன் செய்தால், கம்பியே இல்லாமல் மைனஸ் 2 காட்டுகிறது! ஜீரோ பட்டனை அழுத்தாமலே அளந்திருக்கிறேன். விடிந்ததும் ஓடினேன். பெரியவர் வீட்டு நகையை அடகு வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். திரும்ப அளந்தால் 8 ஆம்பியர். பேனலில் கோளாறே இல்லை, பம்பின் வடிகட்டியில்தான் பாசி அடைத்திருந்தது. அந்த மீட்டருக்குள் இருப்பதுதான் ஹால் சென்சார்.

எட்வின் ஹெர்பர்ட் ஹால் 1855ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கோரம் என்ற ஊரில் பிறந்தார். 1875ல் பௌடின் கல்லூரியில் பட்டம் பெற்று, இரண்டு வருஷம் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்தார். அப்புறம்தான் இயற்பியல் படிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருடைய பேராசிரியர் ஹென்றி ரோலண்ட்.

மாக்ஸ்வெல்லின் பெரிய நூலைப் படித்தபோது ஓர் இடத்தில் ஹால் நின்றுவிட்டார். காந்தத்தின் விசை கம்பியின் மேல்தான் செயல்படுகிறது, அதில் ஓடும் மின்னோட்டத்தின் மேல் அல்ல என்று அங்கே இருந்தது. மின்சாரம் ஓடாத கம்பியைக் காந்தம் தள்ளுவதில்லையே, அப்படியிருக்க மின்னோட்டத்துக்கு அதில் பங்கில்லாமல் எப்படிப் போகும் என்பது அவர் சந்தேகம். மாக்ஸ்வெல் என்றால் சாதாரண ஆளா? ஆனாலும் தயங்காமல் ரோலண்டிடம் போய்க் கேட்டார். ரோலண்ட் அதட்டவில்லை. தனக்கும் அதே சந்தேகம் உண்டு என்றும், சோதித்துப் பார்த்துப் பலன் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்.

ஹாலின் முதல் முயற்சியும் தோல்விதான். பிறகு, கண்ணாடித் தகட்டில் மெல்லிய தங்க இலையை ஒட்டி, நீளவாக்கில் மின்சாரம் விட்டு, மின்காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே வைத்தார். இலையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் கால்வனாமீட்டருக்கு இணைப்பு. காந்தத்தைப் போடுவதற்கு முன்னால், அந்த இரண்டு தொடுமுனைகளையும் நகர்த்தி நகர்த்தி, கால்வனாமீட்டர் அசையாத இடத்தைத் தேடிப் பிடித்தார். முதலில் ஜீரோ, அப்புறம்தான் அளவு. 1879 அக்டோபரில் காந்தத்தைப் போட்டபோது கால்வனாமீட்டர் விலகி நின்றது. காந்தத்தின் திசையை மாற்றினார், விலகலும் மாறியது. காந்தம் நேராகக் கால்வனாமீட்டரையே இழுக்கிறதோ என்றும் பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அப்போது அவருக்கு 24 வயது கூட நிரம்பவில்லை. எலக்ட்ரானைத் தாம்சன் கண்டுபிடிக்க இன்னும் 18 வருஷம் இருந்தது.

பிறகு ஹார்வர்டுக்குப் போனார், 1895ல் பேராசிரியரானார். பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் கையால் சோதனை செய்து படிக்கணும் என்று, அதற்கான சோதனைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். 1902ல், விழும் பொருள் கொஞ்சம் தெற்கே விலகுமா என்று பார்க்க, கோபுரத்திலிருந்து 948 முறை குண்டுகளைப் போட்டு அளந்தார். தெற்கு விலகல் உண்டு என்று அடித்துச் சொல்லவில்லை. 1921ல் ஓய்வு பெற்று, 1938ல் காலமானார்.

தங்கத்தில் அவர் கண்ட மின்னழுத்தம் மிகச் சிறியது. 1950களில் புதிய குறைக்கடத்திப் பொருள்கள் வந்த பிறகே அது கருவியில் வைக்கும்படி வளர்ந்தது. கம்பியைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தின் இடைவெளியில் சென்சார் உட்கார்ந்து, மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப் புலத்தை அளக்கிறது. தொல்லைகளும் உண்டு. தொடுமுனைகள் இம்மி விலகினாலும் பொய் அளவு காட்டும், சூடு ஏறினால் அளவு நகரும், இரும்பில் பழைய காந்தம் தங்கிவிடும்.

இதற்கு இன்றைய பொறியாளர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, சென்சாரின் நான்கு முனைகளில் மின்சாரம் விடும் ஜோடியையும் அளக்கும் ஜோடியையும் வேகமாக மாற்றிக்கொண்டே இருப்பது. பொய் அளவு மட்டும் கூட்டல், கழித்தல் என்று புரண்டுவிடும், சராசரி எடுத்தால் மறைந்துபோகும். மற்றொன்று, வளையத்தில் 1000 சுற்றுக் கம்பி சுற்றி, உள்ளே புலம் பூஜ்யமாகும் வரை எதிர் மின்சாரம் செலுத்துவது. அதற்கு 10 மில்லி ஆம்பியர் ஆனால், கம்பியில் ஓடுவது 10 ஆம்பியர். சென்சார் பூஜ்யத்தைக் காவல் காத்தால் போதும்.

ஹால் கையால் தேடிய ஜீரோவை இன்று சில்லு தானே தேடிக்கொள்கிறது. ஆனாலும் என் கடைப் பையன்களிடம் மீட்டரைக் கொடுக்கும்போதெல்லாம், முதலில் வெறும் வாயை மூடி ஜீரோவைப் பார் என்றுதான் சொல்கிறேன். லேப்பில் நம் ஆசிரியர் ஜீரோ எர்ரர் எழுதினாயா என்று கேட்டு ரெக்கார்டைத் திருப்பித் தந்தபோது எரிச்சல் பட்டோமே, அவருக்கு இந்த மலர் வழியாக என் வணக்கம்.