ஆட்டுக்கால் சூப் முதல் தீக்காயம் வரை: கொலாஜன் புதிரை அவிழ்த்த ஜி.என்.ராமச்சந்திரன்

ஆட்டுக்கால் சூப் ஆறினால் ஜெல்லி மாதிரி உறையுதே, ஏன்? எலும்பிலும் ஜவ்விலும் உள்ள கொலாஜன் புரதம்தான் காரணம். நம்ம தோலைத் தாங்குவதும் அதுதான். அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சி.வி.ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மூலம் கங்காரு வால் தசைநார் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அதை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். 1954-ல் ‘நேச்சர்’ இதழில் மூன்று இழை அமைப்பை முன்வைத்தார். 1955-ல் அவை கயிறு போல முறுக்கியிருப்பதாகத் திருத்தினார்.

இன்று மாடு, மீனிலிருந்து எடுக்கும் கொலாஜன் தாளைத் தீக்காயத்தில் ஒட்டுகிறார்கள். அதைச் சாரமாகப் பிடித்துப் புதிய செல்கள் வளரும். சூப்பாகக் குடித்தால் அப்படியே புண்ணுக்குப் போகாது, வயிற்றிலேயே உடைந்துவிடும்.

நோபல் பரிசு கிடைக்காமலே 2001-ல் சென்னையில் காலமானார் ராமச்சந்திரன்.