மேத்ஸ்ல மூணு தடவை ஃபெயில் ஆனவர் செய்த கார்

போன மே மாசம் எங்க வீட்ல ஒரே கார் பேச்சு. அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். சேர்த்து வெச்ச பணத்துல ஒரு செகண்ட் ஹேண்ட் சின்ன கார் வாங்கிடலாம்னு முடிவு. பாட்டியை மாசா மாசம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அதுதான் முதல் காரணம். ரெண்டு கார் பார்த்தோம். ரெண்டையும் கோவளத்துல இருந்து முட்டுக்காடு பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். அப்பா ஒரு நோட்டுல குறைகளை எழுதிக்கிட்டே வந்தார். பின் ஜன்னல் பாதிதான் இறங்குது. டிக்கி விளிம்பு உயரம். தண்ணி பாட்டில் வைக்க இடம் இல்லை. இப்படி மொத்தம் பதினோரு குறை.

மெக்கானிக்கல் படிக்கிற பையன்தானே, இதுல எதைப் பொறுத்துக்கலாம், எதைப் பொறுத்துக்கக் கூடாதுன்னு சொல்லுன்னு நோட்டை என் கையில கொடுத்துட்டார். ஆட்டோ சைக்கிளுக்கு பி-வி டயகிராம் கேட்டிருந்தா வரைஞ்சு காட்டியிருப்பேன். இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்த வாரம்தான் அலெக் இசிகோனிஸ் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

இசிகோனிஸ் பிறந்தது 1906 நவம்பர் 18. ஊர் ஸ்மிர்னா, இன்றைய துருக்கியின் இஸ்மிர். அப்பா கிரேக்க வம்சம், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர், கப்பல் இன்ஜின் தொழில் செய்தவர். அம்மா ஜெர்மன்காரர். 1922-ல் கிரேக்க-துருக்கிப் போர் ஊருக்குள் வந்தபோது, சொத்தையெல்லாம் விட்டுவிட்டு பிரிட்டிஷ் கப்பலில் மால்டா தீவுக்குப் போனார்கள். அங்கேயே அப்பா இறந்துவிட்டார். அடுத்த வருஷம் அம்மாவும் பையனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டன் பேட்டர்சீ பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் சேர்ந்தார். டிராயிங்கில் புலி. ஆனா மேத்ஸ்? மூணு தடவை எழுதி மூணு தடவையும் ஃபெயில்! நம்ம பாஷையில சொன்னா நிரந்தர அரியர். கணக்கு என்பது கற்பனைக்கு எதிரி என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். (இதை எச்.ஓ.டி. கிட்ட போய்ச் சொல்லிடாதீங்க மக்களே.) டிப்ளமோவோடு வெளியே வந்தவர், சில கம்பெனிகளில் டிராயிங் போர்டு வேலை பார்த்துவிட்டு 1936-ல் மோரிஸ் கார் கம்பெனிக்குப் போனார். மிச்ச நேரத்தில் ஜார்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து, கையாலேயே ஒரு ரேஸ் காரைச் செய்தார். அதை முடிக்கச் சில வருஷம் ஆயிற்று. அதன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் இருந்தது. பின்னாடி வரப்போற கதைக்கு இது முக்கியம்.

அவருடைய முதல் பெரிய கார் மோரிஸ் மைனர். 1948-ல் வெளிவந்தது. தயாரிப்பு தொடங்கப் போகும் நேரத்தில் காரின் அகலம் அவர் கண்ணை உறுத்தியது. மாதிரிக் காரை நீளவாக்கில் ரெண்டாக அறுத்து, ரெண்டு பாதியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் தள்ளியதும் மனசு ஒப்பியது. ஆனால் பம்பர்கள் ஏற்கெனவே பழைய அளவில் தயார். என்ன செய்வது? பம்பரை நடுவில் வெட்டி நாலு அங்குலத் துண்டு வைத்து ஒட்டினார்கள். ஆரம்பகால மைனர் கார்களில் அந்த ஒட்டு தெரியும். பார்க்க அசிங்கம்தான், யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை. 1960 முடிவதற்குள் பத்து லட்சம் மைனர்கள் தயாராகிவிட்டன. நம்ம ஊரிலும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே காரை பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் விற்றது.

1956-ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை வந்தது. பிரிட்டனில் பெட்ரோல் ரேஷன். சின்ன கார் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று அவர் அப்போது வேலை பார்த்த பி.எம்.சி. கம்பெனியின் தலைவர் கேட்டார். இசிகோனிஸ் எடுத்துக்கொண்ட அளவு பத்து அடி நீளம், அதாவது சுமார் 3.05 மீட்டர். நாலு மீட்டருக்குள் இருந்தால் நம்ம நாட்டில் சின்ன கார். இது அதைவிட ஒரு மீட்டர் குறைவு! அதற்குள் நாலு பேர், லக்கேஜும் வேண்டும். இன்ஜினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்பாக்ஸை இன்ஜினுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்தார். முன் சக்கரங்களை ஓட வைத்தார். சக்கரம் வெறும் பத்து அங்குலம். சஸ்பென்ஷன் ரப்பர், அதைச் செய்தவர் அலெக்ஸ் மோல்டன். இதனால் காரின் தரைப்பரப்பில் எண்பது சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும் கிடைத்தது. 1959 ஆகஸ்ட் 26-ல் மினி பிறந்தது.

இனிமேல்தான் அப்பாவோட நோட்டுக்கு வேண்டிய விஷயம்.

மினியின் குறைகளில் பாதி அவர் தெரிந்தே வைத்தவை. ஜன்னல் கீழே இறங்காது, பக்கவாட்டில் நகர்த்தணும். அதனால் கதவுக்குள் பெரிய பை மாதிரி இடம் கிடைத்தது. சீட் சொகுசாக இருக்காது. டிரைவர் விழிப்பாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். ரேடியோ அவருக்குப் பிடிக்காது, அதனால் அதற்கு இடமே விடவில்லை. மற்ற பாதி அவருக்கே தெரியாமல் வந்தது. முன்மாதிரிக் காரில் இருந்த இன்ஜினைப் பிறகு முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். அப்போது டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பாகம், முன் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. மழையில் ஓட்டினால் அது நனைந்து இன்ஜின் நின்றுபோகும். சிலர் அதன் மேல் ரப்பர் கையுறையை மாட்டி ஓட்டினார்கள்.

அதைவிடக் கொடுமை தரை. ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படியும், அதனால்தான் தண்ணீர் வழிந்து ஓடும். மாற்றி அடுக்கினால் வீட்டுக்குள் மழை. மினியின் தரைத் தகடுகள் அப்படித்தான் மாற்றிப் படிந்திருந்தன. கார் முன்னே போகப் போக, ரோட்டுத் தண்ணீர் இணைப்பு வழியாக உள்ளே ஏறியது. கார்ப்பெட் ஊறி நாறியது. இது ஏன் முன்பே தெரியவில்லை? 1959 பிரிட்டனில் மழையே இல்லாத கோடை. இணைப்பை மாற்றிச் சரிசெய்வதற்குள் ஏகப்பட்ட கார்கள் வீடுகளுக்குப் போய்விட்டன.

இன்னொரு குறை இன்னும் ஆழமானது. விபத்தைத் தவிர்க்க நல்ல பிரேக்கும் வளைவில் பிடிப்பும் போதும், மோதினால் என்ன ஆகும் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம் என்பது அவர் கொள்கை. காரை அவர் ஓட்டினால் சரி. நம்ம ஈ.சி.ஆர்-ல எதிர்ல வர்றவன் யாருன்னு நமக்குத் தெரியாதே!

இவ்வளவு குறையோடும் மினி மான்டே கார்லோ ராலியை 1964, 1965, 1967-ல் ஜெயித்தது. அவருக்கு 1969-ல் சர் பட்டம் கிடைத்தது. 1971-ல் ஓய்வு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மால்டாவில் இருந்து கூட வந்த அம்மா 1972-ல் சாகும் வரை கூடவே இருந்தார். 1988 அக்டோபர் 2-ல் அவர் காலமானார். பழைய மினி 2000 வரை தயாரானது, மொத்தம் 53 லட்சத்துக்கும் மேல். இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தயாராகும் சின்ன கார்களைத் திறந்து பாருங்க, குறுக்கே படுத்த இன்ஜினும் முன் சக்கர ஓட்டமும் இருக்கும். கியர்பாக்ஸ் மட்டும் கீழே இருந்து பக்கத்துக்கு வந்துவிட்டது.

அப்பாவின் பதினோரு குறையை மூணாகப் பிரிச்சேன். பம்பர் ஒட்டு மாதிரி கண்ணை மட்டும் உறுத்துறது. ஜன்னல் மாதிரி ஒண்ணை இழந்து இன்னொண்ணு கிடைக்கிறது. தரை மாதிரி நாளாக நாளாக வளர்றது. முதல் ரெண்டுக்கும் விலையில பேசிக்கலாம், மூணாவதுக்குப் பேச்சே இல்லை. ஏர்பேக், பிரேக், பாரத் என்கேப் ஸ்டார் இதெல்லாம் குறைப் பட்டியல்லயே வரக்கூடாது, அது நுழைவுத் தேர்வு.

அப்புறம்தான் உறைச்சுது. நாங்களும் மே மாச வெயில்லதான் ஓட்டிப் பார்த்திருக்கோம். ஐப்பசி மழையைக் காட்ட முடியாது. அதனால ரெண்டு காரையும் எங்க செலவுல வாட்டர் சர்வீஸ் விடச் சொன்னோம். முடிஞ்சதும் மேட்டைத் தூக்கிக் கை வெச்சுப் பார்த்தேன். பளபளன்னு இருந்த கார், அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச கார், டிரைவர் காலடியில ஈரம். உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல அந்தத் தகடு எத்தனை வருஷம் தாங்கும்?

பின் ஜன்னல் பாதி இறங்குற காரைத்தான் வாங்கினோம். பாட்டிக்கு அதுல ஒரு குறையும் இல்லை. முழுசா இறங்கினா முடி கலையுமாம்.