பேலா கோம்யாதி

ஆடவர் வாட்டர் போலோ பந்தயத்தில் ஹங்கேரி தேசம் 2024-ஆம் வருஷம் வரை 9 ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றிருக்கிறது. வேறெந்தத் தேசமும் இந்த ஆட்டத்தில் அதற்கு நிகராக வென்றதில்லை. இப்பெருமைக்கு வித்திட்டவர் பேலா கோம்யாதி. தேசத்தொண்டில் ஈடுபட்டோர் யாவரும் அவருடைய சரிதத்தை அறிதல் நலமென்று கருதுகிறோம்.

அவர் 1892-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 15-ந் தேதி புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1848-இல் ஹங்கேரியர் சுதந்திரம் வேண்டிக் கிளர்ந்தெழுந்ததும் மார்ச்சு 15-ந் தேதியே; அத்தேசத்தார் அதைத் திருநாளாகப் போற்றுகின்றனர். வாலிபத்தில் கோம்யாதி வாட்டர் போலோ ஆடினார். கட்சிக்கு எழுவர், நீந்தியவாறே ஒற்றைக் கையால் பந்தெறியும் கடுமையான ஆட்டம் அது.

முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஹங்கேரி, 1920-இல் ஏற்பட்ட திரியனான் உடன்படிக்கையால் தன் நிலத்தில் மூன்றில் இரு பங்கை இழந்தது. அவ்வருஷம் ஆண்ட்வெர்ப்பில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு அதற்கு அழைப்பும் இல்லை. இவ்வாறு நலிந்த தேசத்தின் கோஷ்டியைப் பயிற்றும் பொறுப்பைக் கோம்யாதி ஏற்றார். பந்து நீரில் விழுமுன்னரே அதைக் கையிலேந்தி அடுத்தவருக்கு எறியும் முறையில் வீரரைப் பழக்கினார். ஆட்டம் வேகம் பெற்றது. உடல் வலிமையோடு யுக்தியும் சேர்ந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவரான ஒலிவேர் ஹலஷியும் அக்கோஷ்டியில் சிறந்து விளங்கினார்.

1926, 1927, 1931 ஆகிய வருஷங்களில் ஐரோப்பியப் பட்டம் ஹங்கேரியை அடைந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜெர்மனியிடம் இறுதி ஆட்டத்தில் தோற்ற கோஷ்டி, 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே ஜெர்மனியை 6-2 என்ற கணக்கில் முறியடித்துத் தங்கம் வென்றது. அடுத்த வருஷம் மார்ச்சு 5-ந் தேதி, 41 வயது நிறையப் பத்து நாளிருக்கையில், கோம்யாதி காலமானார். எனினும் அவர் தந்த பயிற்சி மறையவில்லை. 1936-இல் ஹிட்லரின் தலைநகரிலேயே ஹங்கேரி மீண்டும் தங்கம் வென்றது. வென்ற வீரருள் ஜியோர்ஜ் பிரோதி, மிக்லோஷ் ஷார்கானி இருவரும் யூதர்.

அதற்குப்பின் நேர்ந்ததை நினைக்க நெஞ்சு பதறுகிறது. 1938-இல் ஹங்கேரியின் சட்டசபையே யூதரின் உத்தியோக உரிமையைக் குறுக்கிச் சட்டமியற்றிற்று. 1944-இல் ஜெர்மானியர் அத்தேசத்தை ஆக்கிரமித்தபின், எட்டு வாரத்திற்குள் 4 லட்சத்துக்கு மேற்பட்ட யூதர் ரயிலேற்றப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கே அனுப்பப்பட்டனர். அவர்களை ரயிலேற்றியவர் ஹங்கேரி அரசின் சேவகரே. கோம்யாதி உயிரோடிருந்திருப்பின் அப்போது அவருக்கு வயது 52. தேசத்துக்கு அவர் தேடித் தந்த கீர்த்தி அவரைக் காத்திருக்குமோ என்ற ஐயம் நமக்கு எழாமலில்லை.

இன்று புடாபெஸ்ட் நகரில் ஒரு நீச்சல் குளம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. மாண்டவருக்குச் சின்னம் அமைப்பது எளிது. உடன் வாழ்வோரைப் பிறப்புக் கேளாது தம்மவரென ஏற்பதே அரிது. தேசத்தின் பெயரால் பேசும் நாம் ஒவ்வொருவரும் அந்த அரிய கடமையை முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.