இடக்கைச் சிறுவன்

பேப் ரூத் என்றால் மட்டையால் 714 'ஹோம் ரன்' குவித்தவர் என்பார்கள். எனக்குப் பிடித்ததோ அதற்கு முந்தைய ரூத், பந்தெறியும் இளைஞன்.

1895இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மதுக்கடைக்காரர் மகனாகப் பிறந்தார். அடங்காப் பிள்ளையென்று ஏழு வயதிலேயே செயின்ட் மேரி தொழிற்பள்ளியில் விட்டுவிட்டார்கள். அங்கே சட்டை தைக்கக் கற்றார். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்குக் கிடைத்ததோ வலக்கைக்காரரின் கையுறை! அதை மாட்டிக்கொண்டே பேஸ்பால் ஆடினார். பந்தெறிந்தவனைக் கேலி செய்த ஒருநாள், பிரதர் மத்தியாஸ் என்ற துறவி, எங்கே நீ எறிந்து காட்டு என்றாராம். எறிந்தார். அதுவே தொழிலாயிற்று.

1914இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் உரிமையாளர் ஜாக் டன் 600 டாலர் சம்பளம் பேசி அழைத்துச் சென்றார். ரூத்துக்கு 21 வயது நிரம்பாததால் டன்னே காப்பாளராகப் பொறுப்பேற்றார். இதைப் படித்தபோது, என் கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா கைநாட்டு வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அதே ஆண்டு ஜூலையில் ரூத், பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவுக்கு விற்கப்பட்டார். 1915இல் 18 வெற்றி, 1916இல் 23.

அந்த 1916 அக்டோபரில் 'உலகத் தொடர்' இரண்டாம் ஆட்டம். எதிரணி புரூக்ளின். முதல் இன்னிங்ஸிலேயே ஓர் ஓட்டம் கொடுத்துவிட்டார். வேறொருவர் என்றால் கலங்கியிருப்பார். ரூத் அடுத்த 13 இன்னிங்ஸும் தாமே எறிந்தார். ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. பதினான்காவதில் பாஸ்டன் 2-1 என வென்றது. அப்போது அவருக்கு 21 வயது. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர்.

1918 தொடர்வரை நீண்டு, 29⅔ இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காத அந்தச் சாதனையை 1961இல்தான் இன்னொருவர் முறியடித்தார்.