ஜான் ஹண்டர்

ஸ்காட்லாந்து தேசத்து லாங் கால்டர்வுட் என்னும் பண்ணையில், 1728-ஆம் ஆண்டு, பத்தாவது மகவாய்ப் பிறந்தவர் ஜான் ஹண்டர். ஏட்டுக்கல்வியில் இவர் மனம் செல்லவில்லை. பரீட்சையில் தேறுவதே கல்வியெனக் கருதும் நமக்கு இது வியப்பாயிருக்கலாம். இருபதாம் வயதில் லண்டன் மாநகரடைந்து, தமையனார் வில்லியம் நடத்திய உடற்கூற்றுச் சாலையில் பிணங்களை அறுத்தறுத்தே கற்றார். பின்பு சேனையில் இரண வைத்தியராயிருந்து, 1768-இல் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் அமர்ந்தார்.

அக்காலத்தில் முழங்காலின் பின்புறத்துத் தமனி நலிந்து பந்துபோல் வீங்கும் நோய் பலரை வருத்திற்று. வீக்கம் வெடிப்பின் மரணம் நேரும். ஆதலால் காலையே துண்டித்தெறிவாரும் இருந்தனர். ஹண்டரோ வேறுவிதமாய் எண்ணினார். ரிச்மண்ட் பூங்காவில் ஒரு கலைமானின் கழுத்துத் தமனியை இவர் கட்டிவிட, அப்பக்கத்து இளங்கொம்பு குளிர்ந்ததென்றும், சின்னாட்களில் மீண்டும் வெம்மையுற்றதென்றும், மானைக் கொன்று பார்க்கையில் சிறு கிளைக்குழாய்கள் பருத்து இரத்தத்தைச் சுமந்தமை புலனாயிற்றென்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அதனை ஐயுறுவாரும் உளர்.

ஐயத்திற்கிடமில்லாதது 1785 டிசம்பரில் நிகழ்ந்தது. நாற்பத்தைந்து வயதுடைய வண்டியோட்டி ஒருவனுக்கு, வீக்கத்தைத் தொடாமல், தொடையில் நோயற்ற இடத்திலே தமனியைக் கட்டினார். பெருவழி அடைபட்டது; கால் அழுகவில்லை. கிளைக்குழாய்கள் விரிந்து அதற்கு இரத்தம் ஊட்டின. ஆறு வாரத்தில் அவன் ஆஸ்பத்திரியை விட்டுச் சென்றான். ஓராண்டுக்குப்பின் அவன் சுரத்தால் இறக்கவே, அக்காலைப் பெற்று அறுத்துப் பார்த்தாலன்றி ஹண்டருக்கு மனம் அமையவில்லை.

கொழுப்புப் படிந்து தமனிகள் அடைபடும் நோய்க்கு இன்று மருத்துவர் தேடும் வழியும் இதற்கு அயலானதன்று. 2002-இல் ஜப்பானிய மருத்துவர்கள், குருத்தணுக்களைத் தன்னகத்தே கொண்ட எலும்பு மஜ்ஜை அணுக்களை, இரத்தம் குன்றிய கால்தசையிற் செலுத்திப் புதுக்குழாய்களை வளர்க்க முயன்று நற்பயன் கண்டனர். பின்னர் நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒருபடித்தாயில்லை. அடைபட்ட இடத்தைச் சுற்றி வழிசெய்யும் ஆற்றல் உடலுக்கு உண்டு. ஆனால் அது எல்லார்க்கும் எக்காலத்தும் போதியதாவதில்லை.

ஹண்டருக்கே அது போதவில்லை. 1773 முதல் கடும் மார்வலி அவரை வாட்டிற்று. இருதயத்திற்கே இரத்தமூட்டும் தமனிகள் கெட்டமையால் இவ்வலி எழுகிறதென்று அவர் மாணவர் எட்வர்ட் ஜென்னர் ஊகித்தார். ஆயினும் ஆசிரியர் அறிந்தால் மனமுடைவாரென அஞ்சி அதனை வெளியிடாது அடக்கிவைத்தார். 1793 அக்டோபர் 16-ஆம் நாள், ஆஸ்பத்திரி ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்த பூசலிடையே கோபத்தை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்ற ஹண்டர், அங்கேயே சாய்ந்து உயிர்நீத்தார். சடலத்தை அறுத்துப் பார்த்தபோது, இருதயத் தமனிகள் எலும்புபோல் இறுகியிருந்தன. ஜென்னரின் ஊகம் மெய்யாயிற்று.