ஓவியர் தேயர்

அமெரிக்க நாட்டிலே, பாஸ்டன் நகரில், 1849ஆம் ஆண்டு ஆபட் தேயர் பிறந்தார். இளமையிற் காடும் மலைச்சாரலும் திரிந்து, பறவைகளை நோக்குவதிற் பெருவிருப்புற்றார். பின்னர்ப் பாரிசு நகரில் ஓவியம் பயின்று தாயகம் மீண்டு, சிறகுடைய தேவமகளிரைத் தீட்டிப் புகழ் எய்தினார். ஆயினும், விலங்குநூலார் அவரை நினைப்பது பிறிதொன்றால்.

தட்டையான துணியில் உருண்டையை வரைவோர், மேற்புறத்தை வெளிறவும் கீழ்ப்புறத்தைக் கருகவும் தீட்டுவர். ஒளி மேலிருந்து விழுதலின், திரண்ட பொருள்கள் அவ்வாறே தோன்றும். அந்நிழலைக் கொண்டே கண் திரட்சியை அறிகிறது. மான், முயல், மீன் முதலியவற்றுள் பலவற்றிற்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருத்தலைத் தேயர் கண்டார். ஓவியன் தொழிலுக்கு நேர்மாறான தொழில் அது! மேலே விழும் ஒளியைக் கருமை தணிக்கிறது; கீழே படியும் நிழலை வெண்மை போக்குகிறது. திரட்சி தோன்றாமையால், உடல் தன் சூழலோடு ஒன்றிவிடுகிறது. பகையின் கண் அதன்மேற் பட்டும் அதனைக் காண்பதில்லை.

இதனை அவர் சொல்லளவில் நிறுத்தினாரல்லர். 1896ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பறவைநூல் வல்லார் கூடியிருந்தனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒத்த மூன்று பொருள்களை அவர் கம்பியிற் கோத்துத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தினார். மூன்றின்மீதும் அவ்விடத்து மண்ணையே தூவினார். ஓரத்தில் உள்ள இரண்டிற்கு மட்டும் அடிப்புறத்தில் வெண்ணிறம் பூசினார். சற்று விலகி நின்று நோக்கியவர்க்கு நடுவில் இருந்தது மட்டுமே தெளிவாகப் புலப்பட்டது. ஐயுற்றோர் முன்னிலையில் அதன் அடியிலும் வெண்ணிறம் பூசினார், அதுவும் மறைந்தது.

கண்டதோடு அவர் அமைந்திருக்கலாம். விலங்குகளின் நிறங்கள் எல்லாம் மறைவதற்கே என்று துணிந்தார். 1909ஆம் ஆண்டு மகனாருடன் வெளியிட்ட நூலில், செந்நிறப் பூநாரைகள் காலை மாலைச் செவ்வானத்தில் மறையும் என்றார். மயிலின் தோகையும் மறைவிற்கே என்றார்! பெடையின் முன் ஆடும் மயிலைக் கண்டோர் இதனை ஒப்புவரோ? வேட்டையிலும் இயற்கை நூலிலும் தேர்ந்த முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தெழுதினார். தேயர் தம் கருத்தை விட்டிலர்.

அவர் 1921ஆம் ஆண்டு மறைந்தார். அவர்தம் முதற்கருத்தோ நிலைத்தது. 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், மாவினாற் செய்த புழுக்களை மரக்கிளைகளில் வைத்துச் சோதித்தனர். மேற்புறம் கருத்துக் கீழ்ப்புறம் வெளிறியவையே பறவைகளின் அலகினின்று மிகுதியும் தப்பின.